கழிவுநீர்ப் பண்ணைப் புல்

நாற்பதுகளில், திருவனந்தபுரத்தில் புதிதாகப் பாதாளச் சாக்கடை போட்ட சமயம் அது. கரமனையில் எங்கள் தெரு வீடுகளின் கழிவுநீரெல்லாம் குழாய் வழியாகக் கடற்கரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போய்ச் சேரும். அங்கே தொட்டிகளில் தேங்கித் தெளிந்த பிறகு, அதை வயலில் பாய்ச்சிப் புல் வளர்த்தார்கள். என் கணவர் அந்தப் பண்ணையில்தான் கிளார்க்.

எனக்கு அப்போது ஐந்து மாதக் குழந்தை. தாய்ப்பால் போதவில்லை. தினமும் காலையில் பால்காரி ஒருத்தி பசுவை எங்கள் வாசலுக்கே ஓட்டிவந்து, கண்ணெதிரே கறந்து கொடுப்பாள். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து அந்தக் கிராமத்தில் குடியேறியவள். ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்க மாட்டாள். குழந்தையும் கொழுகொழுவென்று இருந்தான்.

ஒருநாள் சாப்பிடும்போது என் கணவர், "நம்மாத்துப் பால்காரி இன்னிக்குப் பண்ணைக்கு வந்திருந்தா. அவ மாட்டுக்குப் புல்லு அங்கேர்ந்துதான் போறதாம்" என்றார். சாக்கடைத் தண்ணீரில் வளர்ந்த புல்லா என்று பதறினேன். மடி, ஆசாரம் என்று வளர்ந்தவள் நான். "கொதிக்க வெச்சுதானேடி குடுக்கறோம்?" என்று அவர் சொன்னது காதில் ஏறவே இல்லை.

மறுநாள் அவளிடம், "நாங்க ஊருக்குப் போறோம், பால் வேண்டாம்" என்று கூசாமல் பொய் சொன்னேன். வேறொருவரிடம் வாங்கிய பால் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வாந்தி, பேதி. இரண்டே நாளில் கண் உள்ளே போய்விட்டது. அழக்கூடத் தெம்பில்லாமல் முனகினான். மருந்து கொடுத்த வைத்தியர், பழகின பாலையே கொடுத்துப் பார்க்கச் சொன்னார். எந்த முகத்தோடு அவளைக் கூப்பிடுவது?

நாலாம் நாள் காலையில் வாசலில் பசு கத்தியது. அவள்தான். இரண்டு நாளைக்கு முன்பே என் கணவர், எனக்குத் தெரியாமல் அவளைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். எரிந்து விழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ, "பிள்ளைக்கு எப்படிம்மா இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டாள். பிறகு தயங்கித் தயங்கி, "ரெண்டு திவசமா ஆத்தங்கரைப் புல்லு மாத்திரந்தான் போட்டேன், சத்தியமா. தைரியமாக் குடுங்கம்மா" என்றாள்.

பாலைக் கறந்து செம்பை நீட்டிய அவள் கைகளைப் பார்த்தேன். முழங்கை வரை கீறல்கள். ஆற்றோரத் தாழம்புதர்களுக்குள் நுழைந்து புல் அறுத்திருக்கிறாள். என் பிள்ளைக்காக! பண்ணைக்குப் போகிற அந்தத் தண்ணீர் என் வீட்டுத் தண்ணீர்தான், என் குழந்தையின் துணியை அலசிய தண்ணீர்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கேயே நின்று அழுதுவிட்டேன்.

"சரியாயிரும்மா, கரையாதீங்க" என்று அவள்தான் என்னைத் தேற்றினாள்.

"நாளைலேர்ந்து அந்தப் பண்ணைப் புல்லையே போடும்மா" என்றேன். அவள் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, பசுவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனாள். குழந்தை ஒரு வாரத்தில் தேறிவிட்டான்.

அவளிடம் நான் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டதே இல்லை. அந்தக் குறை இன்னும் மனசில் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, யாரையாவது அசுத்தம் என்று நினைக்கத் தோன்றினால், என் வீட்டிலிருந்து என்ன வெளியே போகிறது என்று முதலில் யோசிக்கப் பழகிக்கொண்டேன்.