கேட்டில் கிடந்த ஃபோனும் என் மகளின் நேர்காணலும்

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் என் மகளின் வாழ்க்கை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அதுவும் என்னால். இன்றைக்கு வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜையில் உங்கள் முன்னால் நின்று பேசுகிறேன் என்றால், அது மாரியம்மா போட்ட பிச்சை.

நான் ஓசூரில், வண்டிகளுக்கு வயர் கட்டும் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை செய்கிறேன். சொந்த ஊர் ஊத்தங்கரைப் பக்கம். என் மகள் ரம்யா பிளஸ் டூ முடித்ததும் பெங்களூருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம். ஆனால் மார்க்கை மட்டும் பார்த்துச் சேர்க்க மாட்டார்கள், நேர்காணலில் தேற வேண்டும். அந்த இடம் கிடைக்காவிட்டால் ஆவணியில் என் நாத்தனார் மகனுக்கு அவளைக் கட்டிவைப்பதாக வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். பிள்ளைக்கு அதில் துளிகூட இஷ்டம் இல்லை.

நேர்காணல் வீடியோவில், வியாழக்கிழமை என்றார்கள். நான் லீவும் சொல்லி வைத்துவிட்டேன். வீட்டில் வீடியோ வரும் ஃபோன் என்னுடையது ஒன்றுதான். அந்த நம்பரையே விண்ணப்பத்தில் கொடுத்தோம். அங்கேதான் கோட்டை விட்டேன். எங்கள் கம்பெனியில் உள்ளே போகும்போது ஃபோனைக் கேட்டில் கொடுத்துவிட வேண்டும். காலை ஆறு மணிக்குக் கொடுத்தால் மதியம் இரண்டு மணிக்குத்தான் திரும்பக் கைக்கு வரும். வருஷக்கணக்கில் பழகிப்போனதால் அது எனக்குத் தோன்றவே இல்லை.

செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து ஃபோனை வாங்கிப் பார்த்தேன். நேர்காணல் இன்றைக்கே பதினோரு மணிக்கு மாற்றப்பட்டது என்று ஒரு மெசேஜ். நான்கு மிஸ்டு கால். கடைசியாக, மாணவி வரவில்லை என்று இன்னொரு மெசேஜ். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். யாரும் எடுக்கவில்லை.

வீட்டுக்காரர் சாதாரணமாகச் சொன்னார், “எல்லாம் நல்லதுக்குதான், வுடு. அக்காகிட்ட சரின்னு சொல்லிடறன்.”

ரம்யா என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

தெருமுனை மாரியம்மன் கோயிலுக்கு ஓடினேன். நடை சாத்தியிருந்தது. நான் வாய்க்காரி, உங்களுக்குத் தெரியும். கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

“ஏன்டி ஆத்தா, உனக்குக் கண்ணு அவிஞ்சி போச்சா? எம் பொண்ண கைவுட்டுட்டியேடி! நான் எங்கடி போய் முட்டிக்குவன்?”

தலையைப் படியில் மோதி மோதி அழுதேன். அழுது ஓய்ந்தபோது மனதுக்குள் ஒன்றே ஒன்று வந்தது: ரிஜிஸ்டர். யார் ஃபோன், எத்தனை மணிக்கு உள்ளே, எத்தனை மணிக்கு வெளியே என்று கேட்டில் எழுதுகிறார்களே, ஃபோன் என் கையில் இல்லை என்பதற்கு அதுதானே சாட்சி! எனக்கு அவ்வளவு புத்தி கிடையாது. அது ஆத்தா சொன்னது.

திரும்பக் கம்பெனிக்கு ஓடினேன். செக்யூரிட்டி அண்ணன் முதலில் முடியாது என்றார். காலில் விழப் போனேன்.

“ஐயய்யோ, எழுந்திரும்மா! நோட்டைக் குடுத்தா எம் வேல போயிடும். பாத்து எழுதி, சீல் வச்சித் தரன். எடுத்துட்டுப் போ” என்றார்.

அந்தச் சீட்டோடு மறுநாள் விடியற்காலையில் ரம்யாவை எழுப்பி பஸ் ஏறினேன். கல்லூரி கேட்டில் எங்களை உள்ளே விடவில்லை. ஒன்பது மணியிலிருந்து வெயிலில் உட்கார்ந்திருந்தோம். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. “வாம்மா, போயிடலாம். அவமானமா இருக்குது” என்றாள் பிள்ளை. தாயே, தாயே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு அலுவலக மேடம் ஒருவர் வெளியே வந்தார். எனக்குத் தெரிந்த கன்னடத்தில் அழுதுகொண்டே சீட்டை நீட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார். அன்றைக்குத்தான் நேர்காணலின் கடைசி நாளாம். ரம்யாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

வெளியே வந்தவள் முகம் வெளுத்திருந்தது. “மனப்பாடம் பண்ணது ஒண்ணுகூட கேக்கலம்மா. நீ உங்கம்மா கம்பெனிக்கு மேனேஜரா இருந்தா என்னா பண்ணுவன்னு கேட்டாங்க. மிஷின் ஓடற எடத்துல ஃபோன் கூடாதுதான், ஆனா அவசரம்னா உள்ள வந்து சொல்ல ஒரு ஆள் வேணும்னு சொன்னன். பாதி தமிழ்லயே ஒளறிட்டன்.”

தொலைந்தது என்று நினைத்தேன். அடுத்த பதினேழு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருவதாக நாத்தனார் சொல்லி அனுப்பிவிட்டாள். ரம்யா பேச்சையே நிறுத்திவிட்டாள். பிள்ளை ஏதாவது செய்துகொள்வாளோ என்று ராத்திரியெல்லாம் அவள் கையைப் பிடித்தபடியே படுத்திருந்தேன்.

சனிக்கிழமை மதியம் மெசேஜ் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. வீட்டுக்காரர் என் ஃபோனைப் பிள்ளையிடமே கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். பிறகு தன் ஃபோனை எடுத்தார். “அக்கா, நாளைக்கு வராத. பொண்ணு படிக்கப் போவுது” என்றார். அவர் குரல் உடைந்து அன்றுதான் கேட்டேன்.

மார்க்கை மட்டும் பார்த்திருந்தால் என் பிள்ளையை யாருக்குத் தெரிந்திருக்கும்? நேரில் உட்காரவைத்துப் பேசவிட்டார்கள். அந்தக் கதவைத் திறந்தவள் மாரியம்மா. திருவிழாவுக்கு மட்டும் கோயிலுக்குப் போன நான், அன்றிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமையும் விட்டதில்லை. போன வாரம் ரம்யா விடுதியிலிருந்து கூப்பிட்டு, சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை என்று அரை மணி நேரம் சண்டை போட்டாள். எனக்கு அது தேனாக இருந்தது.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், வெட்கப்படாமல் மாரியம்மாவிடம் போய் அழுங்கள். அழுது முடித்ததும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஆத்தா கூடவே வருவாள்.