எலுமிச்சம்பழத்தில் ஏறிய கார்

மூன்று வாரம் யூடியூப் பார்த்து முடிவு செய்திருந்தேன். ஆறாயிரம் ரூபாய்க்குள் என் முதல் ரிமோட் கார், தரையோடு தாழ்ந்து ஓடும் அந்தச் சிவப்புக் கார்தான்.

இன்று காலை, காய்கறி வாங்கிய கையோடு மனைவியும் என்னோடு ரிமோட் கார் கடைக்குள் வந்துவிட்டாள்.

"இதே வெலையில பெரிய டயர் வண்டியும் இருக்குண்ணே. ரெண்டுமே வெறும் பொம்மை இல்ல. எது ஒடஞ்சாலும் அதை மட்டும் வாங்கி மாத்திக்கிறலாம்" என்றார் கடைக்காரர்.

நான் மோட்டார், வேகம் என்று பேசத் தொடங்கினேன். அவள் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்தாள்.

"எப்புடியும் பிள்ளையார்பட்டிக்குக் கொண்டுபோயி பூசை போடத்தான் போறீக. எது ஏறுதுன்னு இங்கயே பாத்துருவோம்."

சிவப்புக் கார் பழத்தைக் கல்லாப்பெட்டி வரை தள்ளிக்கொண்டு போனது. பெரிய டயர் வண்டி பழத்தின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கி நின்றது.

கடைக்காரர் அதற்கே பில் போட்டுவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை.

பழம் மட்டும் நசுங்கவில்லை. அவள் அதைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மதியம் எலுமிச்சைச் சாதம்.

சாப்பிட்டு முடித்த பிறகுதான் தோன்றியது. "பழம் நசுங்கலையே, திருஷ்டி கழிஞ்சிருக்குமா?" என்று கேட்டேன்.

"அதான் தின்னுட்டீகள்ல" என்கிறாள்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்தத் திருஷ்டி இப்போது காரில் இருக்கிறதா, என்னிடமா?