கவிழ்த்த மேஜைக்குள் ஒரு நாய்

செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டு மாடியில் ஒற்றை அறை கட்டி வாடகைக்கு விட்டிருந்தோம். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஜெர்மன்காரப் பெண்மணி வருடா வருடம் அதில் வந்து தங்குவார். கார்த்திகை தீபத்துக்கு முன்னால் வந்தால், வெயில் ஏறுகிற சமயம் ஊருக்குத் திரும்பிவிடுவார். ஒரு வருடம் இங்கே ஒரு நாயை வாங்கினார். நீள உடம்பு, குட்டைக் கால்கள். தெருவில் அதை முதலைக்குட்டி என்று கேலி செய்தார்கள். அவர் ஊருக்குப் போகும்போது நாய் எங்களிடம் இருந்தது. திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருந்தோம்.

என் கணவர் ஆட்டோ ஓட்டினார். நான் முன்னறையில் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். மகள் வேலூரில் ஹாஸ்டலில் படித்தாள். பகல் முழுக்க வீட்டில் நானும் நாயும்தான்.

ஆடி மாதம் ஒரு காலையில் கதவைத் திறந்தபோது அது எழுந்து வரவில்லை. முன்னங்கால்களை ஊன்றி உடம்பை இழுத்தது. பின்பாதி நனைந்த துணி மாதிரி தரையில் தேய்ந்து வந்தது. பாம்பு தீண்டிவிட்டதோ என்று முதலில் பயந்தேன். முதுகில் கை வைத்ததும் ஒரு சத்தம் போட்டது. அந்த மாதிரி அது அதுவரை கத்தியதே இல்லை.

என் கணவர் ஒரு பலகையில் அதைப் படுக்கவைத்து, பலகையோடு ஆட்டோவில் ஏற்றினார். நான் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன். கால்நடை மருத்துவமனையில் எங்களுக்கு முன்னால் பசுமாடுகளும் ஆடுகளுமாக நின்றன. டாக்டர் நாயின் முதுகெலும்பைத் தடவிப் பார்த்தார். பிறகு பின்னங்கால் விரலை அழுத்திக் கிள்ளினார். நாய் தலையைத் திருப்பி அவர் கையைக் கடிக்கப் பார்த்தது.

“வலி தெரியுது. அது நல்லதுதாம்மா, நரம்பு இன்னும் சாகல,” என்றார். “முதுகுல டிஸ்க் பிதுங்கி நரம்ப அழுத்துது. இந்த ஜாதிக்கு இது ஜாஸ்தி வரும். ஆபரேஷன்னா மெட்ராஸ் போகணும். இங்கேயே வெச்சுப் பாக்கணும்னா ஊசி போடறேன். ஆனா அசையாம கிடக்கணும். குதிச்சுதுன்னா முடிஞ்சுது.”

“நடக்குமா சார்?”

“நடக்கலாம். உறுதியா சொல்ல முடியாது.”

நாய் எங்களுடையது இல்லையே. என் கணவர் ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போய் அந்த அம்மாவிடம் பேசிவிட்டு வந்தார். வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஊசி போட்டு முடிச்சுடச் சொல்றாங்க. அது கஷ்டப்படக் கூடாதாம்.”

“வலி தெரியுதுனு டாக்டர் சொன்னாரே, அதச் சொன்னீங்களா?”

“சொன்னேன். காதுலயே வாங்கல. ஒரே அழுகை.” பிறகு சட்டையைக் கழற்றிக்கொண்டே, “அவங்க நாயி. அவங்க சொல்றதத்தான கேக்கணும்?” என்றார்.

“கிள்ளுனா கடிக்க வருது, சோறு வெச்சா திங்குது. இத எப்டிங்க கொண்டுபோயி ஊசி போடறது? நான் பாத்துக்கறேன்.”

 மறுநாள் அவர் சவாரிக்குப் போகாமல் பழைய சாப்பாட்டு மேஜையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். நான்கு கால்களையும் சுற்றி என் புடவை ஒன்றை இழுத்துக் கட்டினார். அடியில் கோணியும் அதன்மேல் மெத்தைத் துணியும் போட்டோம். அதற்குள் நாய் படுக்கலாம், திரும்பலாம், தாவ முடியாது. அதைத் தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன்.

நான் எதிர்பார்க்காதது மூத்திர விஷயம். நாயால் தானாகப் போக முடியவில்லை. அடிவயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்து மெதுவாக அழுத்தி வெளியேற்ற வேண்டும் என்று டாக்டர் செய்துகாட்டினார். முதல் தடவை எனக்குக் குமட்டியது. எங்கே அழுத்துவது என்றும் பிடிபடவில்லை. நாய் என்னைப் பார்த்தபடியே கிடந்தது. போகப் போக, தண்ணீர் நிரம்பிய பலூன் போல உள்ளே மூத்திரப்பை கைக்குத் தட்டுப்பட ஆரம்பித்தது. அதன்பின் அருவருப்பும் போய்விட்டது. பாத்திரம் துலக்குவதுபோல அதுவும் ஒரு வேலையாகிவிட்டது. ஒரே பக்கம் கிடந்தால் புண் வரும் என்பதால் அடிக்கடி திருப்பிப் போட்டேன். கால்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிவிட்டேன்.

ரவிக்கை கொடுக்க வருகிற பெண்கள் மேஜைக்குள் எட்டிப் பார்ப்பார்கள். “எதுக்குக்கா இந்தப் பாடு?” என்று ஒருத்தி கேட்டாள்.  “அளவு ரவிக்கை கொண்டாந்தியா?” என்று கேட்டேன்.

பௌர்ணமிதான் பெரிய தொல்லை. கிரிவலம் போகிற கூட்டம் சாயங்காலமே வாசலை அடைத்துக்கொண்டு போகும். முன்பெல்லாம் நாய் கேட்டில் நின்று அத்தனை பேரையும் பார்த்துக் குரைக்கும். இப்போது சத்தம் கேட்டதும் முன்னங்கால்களை ஊன்றி எழப் பார்த்தது. ஜன்னலையெல்லாம் சாத்தி, ரேடியோவைச் சத்தமாக வைத்து, அதன் தோளில் கையை அழுத்தியபடி உட்கார்ந்திருந்தேன். அன்று ஒரு தையல்கூடப் போடவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் மேஜையைச் சுத்தம் செய்வதற்காக நாயைத் தூக்கித் தரையில் பாயின்மேல் கிடத்தினேன். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் வெட்டி வைத்திருந்த ரவிக்கைத் துணியில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. நான் அழுத்தாமலே போயிருந்தது. நான் போட்ட கூச்சலில், சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர் எச்சில் கையோடு ஓடிவந்தார்.

“இன்னா ஆச்சு? போயிடுச்சா?”

“மூத்திரம் போயிடுச்சுங்க! தானா போயிடுச்சு!”

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். துணி கொடுத்தவளிடம் உண்மையைச் சொல்லி, வேறு துணி எடுத்துத் தைத்துக் கொடுத்தேன். அவள் முகம் சுளித்தபடிதான் வாங்கிப் போனாள்.

அப்புறம் வால் அசைந்தது. டாக்டர் அனுமதித்த பிறகு, வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தபடி வாசலில் நடக்கவைத்தோம். காலையில் அவர், சாயங்காலம் நான். பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பாதம் மடங்கித் தேயும். ஒருநாள் அவர் துண்டைத் தளர்த்தியிருக்கிறார், அதைக் கவனிக்காமல் நாய் மூன்று நான்கு அடி போய், பிறகு சாய்ந்து விழுந்திருக்கிறது. உள்ளே வந்து அதை என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

தீபத்துக்கு முன்னால் அந்த அம்மா வந்தார். நாய் உயிரோடு இருப்பதை என் கணவர் முன்பே போனில் சொல்லியிருந்தார். ஆனாலும் அந்த அம்மா கேட்டுக்கு வெளியிலேயே பையோடு நின்றுவிட்டார். நாய் அவரைப் பார்த்துவிட்டது. இடுப்பு ஒரு பக்கம் ஆட, ஒரு காலை இழுத்து இழுத்து வாசல் முழுக்கக் கடந்து போனது. அவர் மண்ணில் உட்கார்ந்து அதை மடியில் வாங்கிக்கொண்டார்.

பிற்பாடு என் கணவர் மூலமாக எனக்கு விவரம் தெரிந்தது. அந்த அம்மா தன் ஊரில் முன்பு வளர்த்த நாய்க்கும் இதே நோய் வந்திருக்கிறது. ஆபரேஷன் செய்தும் தேறாமல், பல மாதம் கத்திக் கத்தியே செத்திருக்கிறது. “மறுபடியும் அப்படி ஒண்ணு வேணாம்னுதான் சொன்னேங்கறாங்க,” என்றார். அந்த அம்மாமேல் எனக்கிருந்த வருத்தம் அத்தோடு சரியாகிவிட்டது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரோடு பேச எனக்குப் பாஷை தெரியாது.

நாயால் மாடிப்படி ஏற முடியாது. தூக்கிக்கொண்டு போக அவரும் ஆசைப்படவில்லை. அது கீழேயே இருக்கட்டும் என்றார். அந்தக் குளிர்காலம் முழுக்க மத்தியானங்களில் அவர்தான் இறங்கி வந்தார். நாயைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, என்னிடம் ஊசி வாங்கி, ரவிக்கைகளுக்கு ஹூக் தைத்துக் கொடுத்தார். அவர் தையல் கோணல்மாணலாக இருக்கும். அவர் மாடிக்குப் போன பிறகு பிரித்துத் திரும்பத் தைப்பேன்.