சயாமுக்குப் போனவர்களின் பலகை

அந்தக் காலத்தில் மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. கடைக்கு அனுப்பின ஆள் திரும்பி வர நேரமானால், "என்ன, சயாமுக்குப் போயிட்டானா?" என்பார்கள். சொல்கிறவர்களும் சிரிப்பார்கள், கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் மட்டும் யாருக்கும் சிரிப்பு வராது. ஜப்பான்காரன் ஆட்சியில் சயாமில் ரயில் பாதை போட எங்கள் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர்களில் என் அப்பாவும் ஒருவர். போனவர்கள் அப்படியே போய்விட்டார்கள். திரும்பி வந்த ஒன்றிரண்டு பேரில் அடுத்த லயத்து வரிசை வீட்டு மாமாவும் உண்டு. சொந்த மாமா இல்லை. அம்மாவை அக்கா என்று கூப்பிடுவார், அதனால் எனக்கு மாமா.

அவர் வந்து இறங்கியபோது எலும்புக்கு மேல் தோலைப் போர்த்தியதுபோல் இருந்தார். கணுக்காலில் ஒரு குழிப்புண், உள்ளே வெள்ளையாக எலும்பு தெரியும். அம்மா ஓடிப்போய்க் கேட்டாள். "பின்னால வர்றாரு அக்கா. வேற கேம்புல இருக்காரு" என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அம்மா ஆறு வருசம் பொட்டு வைத்தாள், தாலிக்கயிற்றுக்கு மஞ்சள் பூசினாள், வெள்ளிக்கிழமை தலை முழுகினாள். "போன மச்சான் திரும்பி வந்தான் பூமணத்தோட" என்று பெண்கள் பாடுவதுபோல் இழுத்துச் சொல்லிக் கேலி செய்வார்கள். அம்மா அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவே மாட்டாள்.

கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் வந்து மூன்று நான்கு வருசம் ஆகியிருந்தது. தோட்டத்து லயங்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துச் சுற்றிலும் முள்கம்பி போட்டாகிவிட்டது. காட்டுக்குள் துப்பாக்கியோடிருந்த காட்டுக்காரர்களுக்குச் சோறு போய்விடும் என்று கம்பிக்கு வெளியே ஒரு பிடி அரிசி கொண்டுபோக விடமாட்டார்கள். வெளியே போக பாஸ், உள்ளே வர பாஸ். எனக்கு இருபது வயது. பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். மஸ்ஜித் தானா ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு என்னைப் பிடித்திருந்தது. எனக்கும்தான், மறைப்பானேன். மாப்பிள்ளையின் அம்மாதான் ஒரு கேள்வியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஒங்க வீட்டுக்காரரு இருக்காரா இல்லையா, ஒண்ணு சொல்லுங்க. இருந்தா வந்து பொண்ண தாரை வாத்துக் குடுக்கட்டும். இல்லன்னா கருமாதியப் பண்ணிட்டு ஒதுங்கி நில்லுங்க. ரெண்டும் இல்லாத வீட்ல நான் எப்படிப் பொண்ணெடுக்கிறது, சொல்லுங்க."

போகும்போது படியில் நின்று செருப்பைத் தேடிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்: "இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க." அம்மாவுக்குக் கேட்டது. கேட்கத்தான் சொன்னார்.

அந்த வாரம் சீனி மடித்து வந்த பேப்பரில் ஒரு செய்தி இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்க நான் அந்தப் பேப்பர்களில்தான் கற்றுக்கொண்டேன். மலாக்கா டவுனில் சயாமில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவு அறை திறந்திருக்கிறார்களாம். அங்கேயிருந்து வந்த சாமான்களும் இருக்கிறதாம். இந்த வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து போய் இறந்தவர்களின் பேரையெல்லாம் ஒரு பலகையில் எழுதி மாட்டியிருக்கிறார்களாம்.

அம்மா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். "போய்ப் பாத்துருவோம். அதுல அவரு பேரு இருந்தா நான் கழட்டிடறேன். இல்லன்னா அந்தம்மாவ வேற எடம் பாக்கச் சொல்லிரு" என்றாள். ஞாயிற்றுக்கிழமைக்கு பாஸ் வாங்கினோம். தம்பி சின்னவன், துணைக்கு மாமாவைக் கூப்பிட்டாள். "எனக்கு அங்க என்னக்கா வேல. நாந்தான் அதையெல்லாம் பாத்துட்டு வந்தவனாச்சே" என்று நழுவப் பார்த்தார். அம்மா விடவில்லை.

டுரியான் துங்காலில் பஸ் ஏறி டவுனுக்குப் போனோம். ஒரு சங்கக் கட்டடத்தின் பின்னறை அது. முன்னால் மாலை வாடிய ஒரு குத்துவிளக்கு. காவலுக்கு ஒரு யாழ்ப்பாணத்து ஐயா இருந்தார். ரயில்வேயில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டை. "கவனமாப் பாருங்கோ. ஒண்டையும் தொடாதேயுங்கோ" என்றார்.

பெரிதாக ஒன்றும் இல்லை. துருப்பிடித்த நாலைந்து ஆணி. தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டை ஒன்று. நசுங்கின மங்குக் கிண்ணம் ஒன்று. சாக்குத்துணிக் கோவணம் ஒன்றை ஆணியில் தொங்கவிட்டு, 'தொழிலாளி உடுத்தியது' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். மாமா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யாரோ தொவச்சிட்டானுங்க" என்றார்.

சுவரில் யாரோ வரைந்த படம் ஒன்று. ஆற்றுக்கு மேல் பாலம், கீழே தோளில் மரம் சுமக்கும் ஆட்கள். "தொடையப் பாத்தியா புள்ள, பயில்வான் கணக்கா. இந்தத் தொட இருந்திருந்தா நாங்க ஏன் சாவுறோம்?" என்றார் என்னிடம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐயா தொண்டையைச் செருமினார்.

பலகை எதிர்ச் சுவரில் இருந்தது. கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து, தோட்டவாரியாக. அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஐயா உதவிக்கு வந்து, "ஆற்ற பேர் தேடுறீங்கள்?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா புருஷன் பேரைச் சொல்கிறவள் இல்லை. என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். ஐயா ஒரு கம்பால் எங்கள் தோட்டத்தைக் காட்டினார்.

இருந்தது. அப்பாவின் பேர், அவருடைய அப்பாவின் பேர், இரண்டும் சரியாக.

"இருக்காடி?"

"இருக்கும்மா."

அந்த நொடியில் என் மனசில் ஓடியதைச் சொல்லிவிடுகிறேன், இத்தனை வருசத்தில் யாரிடமும் சொன்னதில்லை. அப்பாடா, இனிக் கல்யாணம் நடக்கும் என்று ஓடியது. அந்த வெட்கத்தில் அம்மாவைப் பார்க்க முடியாமல் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பாவுக்கு இரண்டு வரி கீழே மாமாவின் பேர் இருந்தது.

"மாமா, ஒங்க பேரும் இருக்கே."

அவர் கிட்டே வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் விரலை வைத்துக் காட்டினேன். "செத்தாத் தெரியும் செட்டியார் வாழ்வும்பாங்க. நமக்குச் சாகாமலே தெரியுது பாரு" என்றார்.

ஐயாவுக்கு முகம் மாறிவிட்டது. "பிழை வர வழியில்லையே. உங்கட தோட்டத்து ஆபீசில இருந்து வந்த லிஸ்ட்டப் பாத்துத்தான் எழுதினது" என்று ஒரு கோப்பை எடுத்துவந்து விரித்தார். அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் எங்கள் கிராணியின் சாய்ந்த கையெழுத்து. ஆட்களை லாரியில் ஏற்றுவதற்கு முதல் நாள், காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் நின்று வாசித்தாரே, அதே பேர்கள், அதே வரிசை, அந்தப் பட்டியலேதான். அனுப்பும்போது எழுதியதை அப்படியே எடுத்து, இறந்தவர் பட்டியல் என்று கொடுத்துவிட்டார்.

"வந்தவங்கள எழுதலையா?" என்று கேட்டார் ஐயா.

"வந்தவன எப்படிங்க எழுதுவாங்க" என்றார் மாமா. "தோட்டத்துல பேரு விட்டுப் போனா போனதுதான். திரும்பி வந்தேன், புது நம்பர் போட்டாங்க, புது ஆளுன்னு. அந்தப் பழைய நம்பர்காரன் சயாம்லதான் இருக்கான்."

"அப்ப நீர் உயிரோட இருக்கிறீர் எண்டதுக்கு ஏதும் அத்தாட்சி இருக்கோ?"

கேலிக்குக் கேட்கவில்லை அவர். மாமாவும் கேலி செய்யாமல் சட்டைப்பையிலிருந்து ஐசி என்கிற அடையாளக் கார்டை எடுத்து நீட்டினார். அவசரகாலத்தில் அது இல்லாமல் கக்கூசுக்குக்கூடப் போகமுடியாது. ஐயா படத்தையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார், கைரேகையைப் பார்த்தார். பிறகு நாற்காலி போட்டு ஏறி, அடிமட்டத்தை வைத்து, சிவப்பு மையால் மாமாவின் பேர் மேல் நேராக ஒரு கோடு போட்டார்.

அதைப் பார்த்ததும் அம்மா முகத்தில் வந்த மாற்றத்தை நான் மறக்க மாட்டேன். சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள்.

"எழுதினவன் உசுரோட இருக்கிறவனையும் சேத்துல்ல எழுதியிருக்கான். இது என்ன எழுத்து. ஏட்டுச் சுரைக்காய். ஐயா, அந்த மேல இருக்கிற பேரையும் அடிச்சிருங்க."

"அவர் வந்து கார்டக் காட்டட்டும், அடிக்கிறன்" என்றார் ஐயா.

"வருவாரு. இவனையே கேளுங்க. பின்னால வர்றாருன்னு சொன்னவன் இவன்தான்." மாமாவின் பக்கம் திரும்பினாள். "சொல்லேன்டா."

மாமா சுவரோரம் கிடந்த சிலிப்பர் கட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "அதில இருக்காதேயும்" என்று ஐயா பதறினார். மாமா எழுந்திருக்கவில்லை.

"அக்கா, என் பேருதான் தப்பு. அத்தான் பேரு தப்பில்ல."

அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது, மறையக்கூட இல்லை.

"காலரா வந்துச்சு. சீக்காளிக் கொட்டாய்க்கு நாந்தான் தூக்கிட்டுப் போனேன். மறுநா காலைல போறேன், கொட்டாயோட சேத்துக் கொளுத்திட்டானுங்க."

"எந்த மாசம்?"

"மழ பேஞ்சுச்சு. அங்க மாசம் ஏதுக்கா."

"அப்ப நீ வந்த அன்னிக்கே ஒனக்குத் தெரியும்."

"சொல்லணும்னுதான் வந்தேன். நீங்க கஞ்சியோட வந்து நின்னீங்க."

நின்றாள்தான். அவர் வந்த அன்றைக்கும், அதற்குப் பிறகு நாலு மாசமும். எங்களுக்கே மரவள்ளிக் கிழங்குதான் என்றிருந்த நாளில், கிடைத்த கொஞ்சம் அரிசியைக் கஞ்சியாக்கி முதல் கிண்ணத்தை அவருக்குக் கொண்டுபோவாள். அவர் குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து அப்பாவைப் பற்றிக் கேட்பாள். அவரும் சொல்வார். அத்தான் அங்கே பாட்டுப் பாடுவார், அத்தானுக்கு முடி நரைத்துவிட்டது என்று ஒவ்வொரு நாளைக்கு ஒன்று சொல்வார்.

"அந்தக் கஞ்சி எறங்குச்சாடா ஒனக்கு?"

மாமா அம்மாவை நிமிர்ந்து பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"எறங்குச்சுக்கா. பசி."

ஐயா மைக்கூட்டை மூடிக்கொண்டு நாற்காலியிலிருந்து இறங்கினார். பஸ்ஸில் அம்மாவும் நானும் ஒரு சீட்டு, மாமா கடைசி சீட்டு. அதற்குப் பிறகு மாமா செத்த நாள்வரை அம்மா அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பொய் சொன்னதற்காக என்றுதான் லயத்தில் எல்லோரும் நினைத்தார்கள். எனக்கென்னவோ, ஐயா கோடு போட்டபின் அவள் சிரித்தாளே, அந்தச் சிரிப்பை எல்லோர் முன்னும் சிரிக்கவிட்டதற்காக என்று தோன்றுகிறது.

செத்த நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில் செய்வது வழக்கம். அடுத்த அமாவாசையில் செய்தோம். உடம்பு இல்லை, ஒரு செங்கல்லை வைத்துச் செய்தோம். ஆற்றுக்குப் போக கிராணிதான் பாஸ் எழுதினார். நாலு பேருக்கு, இரண்டு மணி நேரம். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை. தம்பி மொட்டை போட்டுக்கொண்டான். அம்மா தாலிக்கயிற்றைத் தானே அவிழ்த்தாள். ஆறு வருச மஞ்சள், முடிச்சு லேசில் வரவில்லை.

அன்றைக்கே மத்தியானம் மாப்பிள்ளையின் அம்மா வந்தார். ஒரு கையில் அம்மாவுக்கு வெள்ளைக் கோடிச் சேலை. இன்னொரு கையில் மூடிய பரிசத் தட்டு, எனக்குப் பூவும் பட்டும் வைத்து.

"தப்பா நெனைக்காதீங்க. எங்க தோட்டத்துல மாசத்துக்கு ஒரு தடவதான் பாஸ் குடுக்கிறாங்க. பழைய சாவுதானே, தீட்டு இல்லன்னு கேட்டுக்கிட்டேன். அதான் ரெண்டையும் ஒரே நடையா எடுத்தாந்துட்டேன்" என்றார்.

அம்மா கோடியை வாங்கிக்கொண்டாள். தட்டை அவள் வாங்கக் கூடாது. பக்கத்து வீட்டுப் பெண் வந்து வாங்கினாள். அம்மா உள்ளறைக்குப் போய்த் துணித்திரையை இழுத்துவிட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"அவங்களுக்கு பாஸ் எத்தன மணி வரைக்கும்னு கேளு. சாப்பிட வச்சு அனுப்பு."