கட்டுரையில் இல்லாத ஆள்

நானும் என் மனைவியும் ஒரே சாய ஆலையில் வேலை செய்தோம். அவள் லேபில், கழிவுநீரைச் சோதித்துப் பார்க்கிற வேலை. நான் பம்ப் ஆபரேட்டர். அவளுக்கு எழுத்துப் பைத்தியம். அதிலும் ஆறு, குளம், காற்று, மாசு என்று எழுதி ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பிக்கொண்டே இருப்பாள். பன்னிரண்டு கட்டுரைகள் போன வேகத்தில் திரும்பி வந்தன.

கடைசியில் அந்தப் பத்திரிகையின் ஆசிரியை ஒருநாள் போனில் கூப்பிட்டார். "தகவல் எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா இதை யார் வேணும்னாலும் எழுதலாமே. இதுல நீங்க எங்க இருக்கீங்க?" என்றார்.

"ஹால்லதான் உக்காந்திருக்கேன்னு சொல்லு" என்று நான் காதருகே கிண்டலடித்தேன். அவள் முறைத்த முறைப்பில் எழுந்து போய்விட்டேன்.

இரண்டு வாரம் எழுதுவதும் கிழிப்பதுமாகக் கிடந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜையில் பதிமூன்றாவது கட்டுரை இருந்தது. சும்மா எடுத்துப் படித்தேன்.

'மாதிரி எடுக்கும் பாட்டிலைக் கழிவுநீர்க் கால்வாய்த் தண்ணீரால் இரண்டு முறை அலசி, மூன்றாவது முறை நிரப்புவேன். சோதனை அதிகாரி வந்துவிட்டார் என்று தகவல் வந்ததும் நல்ல தண்ணீர் வால்வை நானே திறந்துவிடுவேன். பத்து நிமிஷத்தில் சாயம் கரைந்து கால்வாய் தெளிந்துவிடும். அந்தத் தெளிந்த தண்ணீரைத்தான் அதிகாரியின் கையில் கொடுப்பேன். ஆற்றைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதும் கையும் இந்தக் கைதான்.'

அடிப்பாவி, இருந்திருந்து இதைத்தானா எழுத வேண்டும்! எங்கள் பெண் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். இரண்டு பேருக்கும் அந்த ஒரு ஆலைதான் சோறு போடுகிறது.

"நீயா திறந்தே? வால்வு ரூம் சாவி என் இடுப்புலதானே தொங்குது?" என்று கத்தினேன்.

"உங்களை எதுக்கு இழுத்துவிடணும்? போனா என் வேலை மட்டும் போகட்டும்" என்றாள்.

அப்போதே அந்த வரியை மாற்றச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உள்ளுக்குள் 'அப்பாடா' என்றிருந்தது. வெட்கங்கெட்ட நிம்மதி.

கட்டுரை அவள் பெயரோடு அப்படியே அச்சில் வந்தது. அவள் ஒரே ஒரு தடவை படித்துவிட்டு மடித்து வைத்தாள். அதற்குப் பிறகு கேன்டீனில் எங்கள் மேஜைக்கு யாரும் வரவில்லை. தினமும் வம்புக்கு இழுக்கும் வாட்ச்மேன், என் முகத்தைப் பார்க்காமல் பையைத் திறந்து காட்டச் சொன்னார். போன் அடித்தாலே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நான்காம் நாள் மேனேஜர் இருவரையும் அழைத்தார். திட்டுவார் என்று போனால், "உக்காருங்க" என்றார். அதில்தான் எனக்கு இன்னும் பயம் கூடியது. டைப் செய்த ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். வால்வு அறையின் சாவி பம்ப் ஆபரேட்டரிடம் மட்டுமே உள்ளது. லேப் ஊழியருக்கு அங்கே போக அனுமதி இல்லை. ஆகவே கட்டுரையில் உள்ளது அத்தனையும் பொய் என்று அதில் இருந்தது.

"கையெழுத்து போடுங்க. உங்க வீட்டம்மா ஒரு மன்னிப்புக் கடிதம் குடுத்துடட்டும். ரெண்டு பேர் வேலைக்கும் நான் பொறுப்பு."

தாளில் கடைசி வரியைத் தவிர எல்லாமே உண்மை. எனக்காக அவள் எழுதிய ஒரு பொய்யை வைத்து, அவள் எழுதிய மொத்தத்தையும் பொய்யாக்கப் பார்க்கிறார்கள். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவை எடுத்து மூடியைத் திறந்தேன்.

"சார், சாவி என்கிட்டதான் இருக்கு. அவ எழுதினதுல அந்த ஒரு வரிதான் தப்பு. திறந்தது நான். எட்டு வருஷமா, நீங்க போன் பண்றப்பல்லாம்."

மேனேஜர் என் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடினார். "ரெண்டு பேரும் வெளிய போங்க. நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். அழுவாள் என்று நினைத்தேன். திட்டினாள். "கூறு இருக்கா உங்களுக்கு? ரெண்டு பேரும் வீட்ல உக்காந்தா பொண்ணு படிப்புக்கு என்ன பண்றது?"

இரண்டு பஸ்கள் போய்விட்டன.

"அந்த வரியைத் திருத்தி எழுதணும். உங்களைப் பத்தியும் எழுத வேண்டியிருக்கும்" என்றாள்.

"எழுது. ஆனா ஏதோ பயந்துபோய் திறந்துட்டான் பாவம்னு எழுதிடாதே. ஒரு தடவைகூட மேனேஜர் என்கிட்ட ரெண்டாவது வாட்டி சொல்ல வேண்டி வந்ததில்ல. அதை எழுது."