அட்டைப்படத்தில் அழிந்த பொட்டு

இதை எழுத உட்கார்ந்து, தாளை மடித்து வைத்தே பல வருடம் போய்விட்டது. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன், எனக்கு எழுத்து வராது என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம்தான். முருகனுக்குத் தெரியும்.

தொண்ணூறுகளில் ஜார்ஜ் டவுனில் குடியிருந்தோம். வார நாட்களில் தீவிலிருந்து பெர்ரி ஏறிக் கடல் தாண்டி, அக்கரையில் புக்கிட் தெங்காவில் தொழிற்சாலை வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் பழைய கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் கலர் பிரிண்டரும்தான். கல்யாணம், காதுகுத்து என்று வீடியோ எடுத்தவர்களின் கேசட் பெட்டிக்குச் சினிமாப் படம்போல அட்டை செய்து கொடுப்பேன். முகத்தைத் தனியே வெட்டி, பின்னால் வேறு வானத்தை ஒட்டி, தலைப்பை வளைத்துப் போடுவதில் எனக்கு ஒரு கிறுக்கு.

ஒரு ஞாயிறு பக்கத்து வீட்டு அக்கா வந்தார்.

"தம்பி, இது அவரு தைப்பூசத்துல காவடி எடுத்த வீடியோ. வியாழக்கிழம அவருக்கு நெஞ்சுல ஆப்பரேசன். அதுக்கு முந்தி அவரு கையில குடுக்கணும். சினிமா மாதிரி அட்ட செஞ்சி குடு. அவருதான் ஹீரோ."

"அப்ப நீங்க ஹீரோயினாக்கா?" என்றாள் என் மனைவி.

"பின்ன, வில்லியா? கல்யாண போட்டோவும் கொண்டாந்திருக்கேன் லா."

அந்தக் கல்யாணப் படம் உள்ளங்கை அளவு. முழுக்கப் பூஞ்சைப் புள்ளி. ஒவ்வொன்றாகத் துடைக்கப் பொறுமையில்லாமல், தூசியும் கீறலும் நீக்கும் கட்டளையைப் படம் முழுவதற்கும் கொடுத்தேன். ஒரே அழுத்தில் பளிச்சென்று ஆனது. மேலே காவடி, கீழே மணமக்கள். அச்சடித்து, வெட்டி, கேசட் பெட்டியில் செருகி, செவ்வாய்க்கிழமை மாலை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்கா வெகுநேரம் பார்த்தார்.

"என் பொட்ட எங்க தம்பி?"

அப்போதுதான் கவனித்தேன். தூசி எது, பொட்டு எது என்று கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும். தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிற நான், ஆப்பரேசனுக்குப் போகிற மனிதரின் மனைவிக்கு வெறும் நெற்றியைக் கொடுத்திருந்தேன்.

"நாளைக்கே மாத்தித் தரேன்கா."

அக்கா அட்டையை உருவி, சாமி மேடைக்குப் போய், மோதிர விரலால் குங்குமத்தைத் தொட்டுப் படத்தின் நெற்றியில் வைத்தார்.

"மாத்தாத. இதே இருக்கட்டும்."

வியாழக்கிழமை லீவு போட்டு மலைக்கோயில் படியேறினேன். அவரைத் திருப்பிக் கொடு என்பதைத் தவிர வேறெதுவும் கேட்க வாய் வரவில்லை. அக்காவின் கணவரான அண்ணன் பிழைத்து வந்தார். ஆப்பரேசனுக்கு முன்பே அக்கா கொடுத்திருந்த அட்டையை வீட்டில் மறுபடி பார்த்தபோது, "என்னா, ஹீரோவ விட ஹீரோயின் மேக்கப் ஜாஸ்தியா இருக்கு? சிரிக்க வைக்காதீங்க, தையல் இழுக்குது" என்றார்.

கொஞ்ச நாளில், அட்டையைப் பார்த்துப் போனவர்கள் மூலம் கோயிலில் வேறு கதை பரவியது. படத்தில் குங்குமம் தானாகவே வந்ததாம், அதனால்தான் அண்ணன் பிழைத்தாராம்.

"தம்பி, நீங்க செய்யும்போது அது இருந்துச்சா?" என்று கேட்டார்கள்.

"நான் செய்யும்போது இல்ல" என்றேன்.

அதோடு நிறுத்திக்கொண்டேன். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பெரிய பக்திமான் என்று என்னைப் பார்த்தார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

அக்கா அப்போதே சொன்னார்: "நான் வச்சேன்னா ஒருத்தரும் நம்பல. அடக்கத்துக்குச் சொல்றேன்னு நெனைக்கிறாங்க. அழிச்சவன் நீ, நீயே சொல்லு லா."

நான் சொல்லவில்லை. இப்போது அக்காவும் அண்ணனும் செபராங் ஜெயாவில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். போன மாதம் பார்க்கப் போனேன். அந்த அட்டை இன்னும் இருக்கிறது. குங்குமம் மங்கி, ஒரு கறைபோலத் தெரிகிறது.

"இன்னும் சொல்லலியா நீ?" என்றார் அக்கா.

முருகன்தான் காப்பாற்றினான் என்று நானும் நம்புகிறேன். அதற்கு என் அட்டையில் அற்புதம் நடந்திருக்க வேண்டியதில்லை. பொட்டை அழித்தவன் நான். வைத்தவர் அக்கா. இந்தக் கதையை யாரிடமாவது சொன்னால், கூட்டாமல், என் தவற்றையும் விட்டுவிடாமல், இப்படியே சொல்லுங்கள்.