பேச்சு நின்றால் திரும்பிப் பார்ப்பார்கள்

ஒஸ்லோவில் டிராமை ‘ட்ரிக்’ என்கிறார்கள். அதில் என் பக்கத்தில் இருந்தவர் கைப்பேசியில் ஒரு படத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். கணவனைப் பறிகொடுத்த பெண் அவசர அவசரமாக அழுது முடித்தாள். அவர் இறங்கிப் போய்விட்டார். நான் இயக்கிய முதல் படம் தொகுப்பில் இருந்த நேரம் அது.

படங்களை இணையம் வழியே வீடுகளுக்கு அனுப்பும் நிறுவனத்தில் என் படத்துக்குப் பொறுப்பானவர் இங்ரிட். “முதல் மூன்று நிமிடத்தில் என்ன நடக்கிறது?” என்று கேட்டார்.

“அம்மா நிற்கிறார்.”

“சரி, நின்ற பிறகு?”

“நிற்பதுதான் நடக்கிறது.”

என் நோர்வே மொழி பிசகிவிட்டதென்று நினைத்து, ஆங்கிலத்தில் மறுபடி கேட்டார்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், மிராசுதாரின் மனையில் எங்கள் குடிசை இருந்தது. குடியிருப்பவருக்கே மனை என்று அரசு சட்டம் போட்ட புதிது. அம்மா பட்டா கேட்டு மனு கொடுத்ததும், கூரையைப் பிரிக்க மிராசுதாரின் காரியஸ்தர் ஆட்களோடு வந்தார். வழக்கமாக அவரைக் கண்டால் குனிந்து ஒதுங்கும் அம்மா, அன்று வாசலை மறித்து நிமிர்ந்து நின்றார். ஒரு சொல் பேசவில்லை. ஏழு வயதில் நான் அவர் சேலையைப் பிடித்திருந்தேன். நடவு வயலிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராகக் கரையேறி, சேற்றுக்காலோடு வந்து பக்கத்தில் நின்றார்கள். உச்சிவெயில் ஏறியதும் காரியஸ்தரும் ஆட்களும் திரும்பிப் போனார்கள். என் படம் அந்தக் காட்சியில்தான் தொடங்குகிறது.

“வீட்டில் சமைத்துக்கொண்டேதான் பார்ப்பார்கள், கண் திரையில் இருக்காது. ‘பயமாக இருக்கிறது, ஆனாலும் நகரமாட்டேன்’ என்று ஒரு குரலைச் சேர்த்துவிடுங்கள்” என்றார் இங்ரிட்.

ஊரில் இருக்கும் அம்மாவைக் கூப்பிட்டேன். “அன்னைக்குப் பயமா இருந்துச்சாம்மா?”

“இல்லாம? அதை அவங்ககிட்ட சொல்லவா முடியும்?”

“இங்க சொல்லச் சொல்றாங்க. சமைச்சுகிட்டே பாக்கறவங்களுக்குப் புரியணுமாம்.”

“நானும் அடுப்படியிலதாண்டி போனை வச்சுப் பாக்கறேன். வளவளன்னு பேசுனா காதுல வாங்கிகிட்டு வேலையப் பாப்பேன். பேச்சு நின்னாத்தான், என்னமோ ஏதோன்னு கரண்டிய வச்சிட்டுத் திரும்புவேன்.”

குரல் சேர்க்கவில்லை. காரியஸ்தர் பேசிய இரண்டு வரிகளையும் நீக்கினேன். ஈரக்கால்கள் வந்து நிற்கும் ஓசையை மட்டும் விட்டேன். “சமைத்துக்கொண்டே பாருங்கள். தலை நிமிராவிட்டால் நீங்கள் சொன்னபடி செய்கிறேன்” என்று இங்ரிட்டிடம் கொடுத்தேன்.

மறுநாள், “உருளைக்கிழங்கு கரிந்துவிட்டது” என்று மட்டும் சொன்னார். காட்சி அப்படியே நின்றது.

படம் வெளியான அன்று வீட்டில் தனியாகப் பார்த்தேன். படத்தின் கடைசியில், மனுவை விசாரிக்க வந்த தாசில்தாரிடம் அம்மா சொல்கிறார்: “நான் வாழ வந்த எடங்க இது. எங்கயும் போக மாட்டேன்.” காது அதைக் கேட்டது. கண்ணோ திரையின் அடியில் ஓடிய நோர்வே மொழிபெயர்ப்பைப் படித்துக்கொண்டிருந்தது. தமிழா, நோர்வே மொழியா, எது எனக்கு முதலில் புரிந்தது என்று தெரியவில்லை.